பேர் சொல்லாதது

முப்பத்தொன்று என்று கூப்பிட்டார்கள். இன்னும் ஐந்து பேர் உள்ளே போனால் இவர்கள் முறை, அதற்குள் சொல்லிவிடலாம் என்று இசக்கியம்மாள் நினைத்தாள். இருபத்தெட்டைக் கூப்பிட்டபோதும் இதையேதான் நினைத்தாள். வாயில் என்ன கொழுக்கட்டையா இருக்கிறது, சொல்ல வேண்டியதுதானே? பெரியாஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்கிற பக்கத்து வராந்தாவில், சுவரோடு போட்டிருந்த இரும்பு பெஞ்சில், மடியில் நாற்பத்தைந்து நாள் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புருஷன் சங்கரபாண்டி பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தான். அவனுக்கென்ன, அவனுக்குத் தெரியாது. பிள்ளையின் தொப்புளுக்குள்ளிருந்து செக்கச்செவேலென்று சுண்டைக்காய் அளவுக்கு ஒரு சதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை நூலால் இறுக்கிக் கட்டிவிட்டால் நாலு நாளில் தானாக உதிர்ந்துவிடும், அரைமணி நேர வேலை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரிதான். அவர்களிடம் சொன்னதை வைத்துப் பார்த்தால் சரிதான். சொல்லாதது ஒன்று இருக்கிறதே, அது இவள் தொண்டையில் அல்லவா இருக்கிறது. அது தெரிந்தால் ஒருத்தரும் அந்தச் சதையில் நூலைச் சுற்ற மாட்டார்கள். சங்கரபாண்டி அவள் பக்கம் திரும்பி, "என்னட்டி முழிக்கே, பசிக்கா?" என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினாள்.

கொடி விழுந்தது ஒன்பதாம் நாள். விழுந்த இடம் காய வேண்டும், ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் காய்கிறது, இவள் பிள்ளைக்கு மட்டும் காயவில்லை. துடைத்தால் ஈரம், துடைத்த கையோடு மறுபடியும் ஈரம், துணி வைத்தால் துணியில் மஞ்சளாக ஒரு வட்டம். தொப்புள் காயட்டும், பிறகு பேர் வைக்கலாம் என்றார்கள். அதனால் பிள்ளைக்கு இன்னும் பேர் இல்லை, ஆஸ்பத்திரிச் சீட்டில் இசக்கியம்மாள் குழந்தை என்று எழுதியிருக்கிறது. இருபத்தேழாம் நாள் ஊரில் ஒரு கிளினிக்கில் காட்டினார்கள். அங்கிருந்த டாக்டர், புண் ஆறும்போது சதை கூட வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான் என்று, சதையைச் சுட்டுக் கருக்குகிற காரக் குச்சியால் ஒரு தொடு தொட்டார். ரெண்டு மூணு நாளைக்குக் கறுப்பா வரும், பயப்படாதீங்க என்றார். கறுப்பாக வந்தது, நின்றது. சதை அப்படியே இருந்தது, ஈரமும் அப்படியே இருந்தது. அந்தக் கறுப்பு, முருகா, அந்தக் கறுப்புதான் பிறகு இவளுக்குப் பொய் சொல்லக் கைகொடுத்தது. இன்று காலையில் டாக்டரம்மா பிள்ளையை மேஜையில் கிடத்தி, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ஐந்தாறு பேரைச் சுற்றி நிறுத்திக்கொண்டு பாடம் சொன்னார்கள். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். தமிழ்ப் பாதியே போதும், இவள் உயிரைப் பிடித்து உலுக்குவதற்கு. "அம்மா வயித்துல இருக்கும்போது தொப்புள்ல இருந்து உள்ள ரெண்டு குழாய் போகும். ஒண்ணு மூத்திரப் பைக்கு, ஒண்ணு குடலுக்கு. பிறக்கறதுக்குள்ள ரெண்டும் அடைஞ்சு மறைஞ்சிடணும். மறையலைன்னா தொப்புள் வழியா மூத்திரம் கசியும், இல்லைன்னா மலம் கசியும். அதை வெறும் சதைன்னு நினைச்சு நூல் போட்டா என்ன ஆகும்?" கண்ணாடி போட்ட ஒரு பெண், "குடலையே சேர்த்துக் கட்டிடுவோம் மேம்" என்றாள். "அதான். அதனால கை வைக்கறதுக்கு முன்னாடி கேக்கணும். நல்லாக் கேளுங்க." சொல்லிவிட்டு டாக்டரம்மா திரும்பி இவளைப் பார்த்துத்தான் கேட்டார்கள். சங்கரபாண்டி மினிபஸ் கண்டக்டர். கேள்வி முடியுமுன்னே பதிலைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவான். மலம் மாதிரி, பச்சையா, நாத்தமா ஏதாச்சும் வருதா? "இல்ல மேடம், வெறும் தண்ணிதான்." பால் தவிர வேற எதாவது குடுத்தீங்களா, மருந்து கிருந்து? "ஒரு சொட்டு குடுக்கல மேடம். எங்க வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது." டாக்டரம்மா இவள் முகத்தையும் ஒருதரம் பார்த்தார்கள். இவள் குனிந்து பிள்ளையின் காலுறையைச் சரிசெய்தாள். காலுறை சரியாகத்தான் இருந்தது.

முப்பத்திரண்டு. மொட்டையடித்த ஒரு பெண்குழந்தையை அழ அழத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு சொட்டு குடுக்கல. குடுத்தேனே. நான் குடுத்தேனே. சுட்டுக் கரியாக்கி, தாய்ப்பாலில் குழைத்து, பிள்ளையின் நாக்கில் தடவுகிற அந்த வேரை, கைப்பிள்ளை இருக்கிற வீட்டில் யாரும் பேர் சொல்ல மாட்டார்கள். பேர் சொல்லாதது என்பார்கள், கடையில் கேட்டாலும் அப்படித்தான் கேட்பார்கள், கடைக்காரரும் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக் கொடுப்பார். அதை இவள் வீட்டுக்குள் கொண்டு வரக்கூடாது என்று பிரசவ வார்டிலேயே சங்கரபாண்டி சத்தியம் வாங்கியிருந்தான். பிள்ளை தலையில் இவள் கையை எடுத்து வைத்து, "இவனுக்கு என் கண்ணுக்குத் தெரியாம ஒண்ணும் குடுக்க மாட்டேன்னு சொல்லு" என்றான். சொன்னாள். சும்மா சொல்லக்கூடாது, அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அவன் அக்கா கனகத்தின் பிள்ளை மூணாவது மாசத்தில் செத்துப்போனது. தலைக்கு ஊற்றும்போதெல்லாம் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதியிருக்கிறார்கள், எண்ணெய் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. கனகம் மதினி இன்றைக்கும் எண்ணெய்க் கிண்ணத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதெல்லாம் தெரிந்துதான் சத்தியம் பண்ணினாள். பண்ணிவிட்டு முப்பத்திநாலாம் நாள், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அதை உடைத்தாள். பிள்ளை மூன்று நாளாக வயிறு உப்பிக் கத்திக்கொண்டிருந்தான். காலை மடக்கி மடக்கி, முகம் நீலம் பாரித்து, மூச்சை அடக்கி ஒரு கத்து, பிறகு மறுபடியும். கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை அம்மா, யாரால் முடியும்? பக்கத்து வீட்டுக் குருவம்மாக்கா சுவருக்கு அந்தப்பக்கம் நின்று, "ஏளா, ஒரு உரசு உரசி நாக்குல வையி, பிள்ளை பொட்டுனு உறங்கிரும்" என்று துண்டையும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். அவன் ட்யூட்டிக்குப் போயிருந்தான். மணி மூன்று. விளக்கில் சுட்டாள், கரியை உரசினாள், தன் பாலைப் பீய்ச்சிக் குழைத்தாள், சுண்டுவிரலால் நாக்கில் வைத்தாள். பிள்ளை சப்புக்கொட்டினான். அரைமணியில் உறங்கிப்போனான். பாவி, இவளும் நிம்மதியாகப் பக்கத்தில் படுத்து உறங்கினாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தொப்புள் துணியை மாற்றப் போனால், துணியில் பச்சை. பச்சைத் தண்ணீருக்கு நடுவே கறுப்புக் கறுப்பாகப் பொடி. குனிந்து முகர்ந்தாள். பிள்ளை வெளிக்கிருக்கிற வாடை, அதற்குள் லேசாக, மிக லேசாக, அந்த வேரின் வாடை. காரம் வைத்த கறுப்பு நின்று நாலு நாளாகிறது. தவிர, காரத்துக்கு வாடை ஏது? நாக்கில் வைத்தது தொப்புளில் எப்படி வரும்? அப்போது குழாய் விஷயமெல்லாம் இவளுக்குத் தெரியாது. சத்தியத்தை உடைத்ததற்குத் தெய்வம் பிள்ளை வயிற்றைப் பொத்துவிட்டது என்றுதான் நினைத்தாள். தலையில் கை வைத்துப் பண்ணின சத்தியம் தலைக்குத்தானே கேடு, வயிற்றுக்கு ஏன் என்று கூட ஒரு கோட்டித்தனமான கணக்கு மனசுக்குள் ஓடியது. பின்னால் வந்து நின்ற சங்கரபாண்டி, "என்னது கறுப்பு?" என்றான். "அன்னைக்கு வச்ச காரம்" என்றாள். எவ்வளவு சுருக்கில் வந்தது அந்தப் பொய், நாக்கின் நுனியிலேயே இருந்த மாதிரி. அந்தத் துணியைத் துவைத்துவிட்டாள். ஒருவேளை காரம்தானோ என்று துவைக்கும்போதே ஆசையாக இருந்தது. ஆசையாகவே மூன்று நாள் ஓட்டினாள். திங்கட்கிழமை பிள்ளை அழவில்லை, வயிறு உப்பவில்லை, சிரித்துக்கொண்டு கிடந்தான். காலை பத்து மணிக்கு இவள் மறுபடியும் விளக்கை ஏற்றினாள். மறுபடியும் சுட்டாள். முதல் தடவை பிள்ளைக்காக. இரண்டாம் தடவை எதற்காகடி? சொல்லு, எதற்காக? சாயந்திரம் நாலு மணி வரைக்கும் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் தொப்புளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கு அது வந்தது. கறுப்பாக, பொடியாக, வந்தேன் பார் என்று வந்தது. இந்தத் துணியைத் துவைக்கக் கை வரவில்லை. மடித்து, பவுடர் டப்பா உறைக்குள் வைத்து, இந்தப் பைக்குள்தான், உள்ஜிப்பில் வைத்திருக்கிறாள். சங்கரபாண்டி மடியில் வைத்திருக்கிற பை.

அவன் பையைத் திறந்தான். இவள் உள்ஜிப்பையே பார்த்தாள். கைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மூடினான். முப்பத்துமூன்று போய்விட்டது, எப்போது கூப்பிட்டார்கள் என்றே தெரியவில்லை, முப்பத்திநாலு எழுந்து போகிறார்கள். எதற்காக அந்தத் துணியைக் கொண்டுவந்தாள்? காட்டத்தானே? காட்டத்தான் கொண்டுவந்தவள் காலையில் வெந்நீர் வைத்துப் பிள்ளையின் தொப்புளை ஏன் அத்தனை சுத்தமாகத் துடைத்தாள், பச்சை மஞ்சள் ஒரு பொட்டு இல்லாமல்? ஒருகையால் மறைப்பதும் ஒருகையால் எடுத்து வைப்பதும் என்ன பிழைப்பு இது. டாக்டரம்மா அமுக்கிப் பார்த்தபோது வெறும் தண்ணீர்தான் வந்தது, ஒரு துளி. படித்தவர்கள், பெரிய டாக்டர், அவர்கள் கண்ணுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது? இருக்கலாம். குழாய் இருந்தாலும் இத்தனை நாளில் அடைத்திருக்கலாம். அடைத்திருக்கும். குடலையே சேர்த்துக் கட்டிடுவோம் மேம். அந்தப் பெண் அதை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள், பரீட்சையில் பதில் சொல்கிற மாதிரி. நூல். பூக்கட்டுகிற நூலா, தைக்கிற நூலா, என்ன நூலாயிருக்கும்? இறுக்கி ஒரு முடிச்சு, உள்ளே குடலில் ஒரு முடிச்சு, பிள்ளை குடிக்கிற பால் போகிற இடமில்லாமல் வயிற்றிலேயே நின்று, வயிறு வீங்கி, ஊருக்குப் போகிற பஸ்ஸிலேயே காலை மடக்கி மடக்கி... ஐயோ. சொன்னால் என்ன ஆகும்? சொன்னால் இவன் கேட்பான். இத்தனை பேர் முன்னால் கேட்க மாட்டான், எழுந்து வெளியே போய்விடுவான், பிறகு பேசவே மாட்டான். அக்கா வீட்டில் போய்ச் சொல்வான், இவளும் குடுத்திருக்கா, ரெண்டு தடவை குடுத்திருக்கா, ரெண்டாந்தடவை பிள்ளை அழக்கூட இல்ல. கனகம் மதினி அந்த முகத்தை இவளிடம் திருப்பிக்கொள்வாள். திருப்பட்டும். எல்லோரும் திருப்பட்டும். பிள்ளை செத்துப்போனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு யார் யாரைப் பார்ப்பது? இது தெரிகிறது, தெளிவாகத் தெரிகிறது, ஆனால் வாய் திறக்கவில்லை. பேர் சொல்லக்கூடாது, சொல்லக்கூடாது என்று பிறந்ததிலிருந்து கேட்ட வாய். திறந்தாலும் எதைச் சொல்லித் தொடங்குவது? பிள்ளை உறக்கத்தில் உதட்டைக் குவித்துச் சப்பினான். அன்றைக்குச் சப்பின மாதிரியே.

"முப்பத்தஞ்சு வரல. முப்பத்தாறு! இசக்கியம்மாள் குழந்தை!"

ஒரு நம்பர் தாண்டிவிட்டார்கள். இன்னும் ஒரு ஆள் இருக்கிறது என்று நம்பியிருந்தவளுக்கு அந்த ஒரு ஆளும் இல்லாமல் போனது. சங்கரபாண்டி எழுந்து, "வா வா, சீக்கிரம் முடிஞ்சா சீக்கிரம் போயிரலாம்" என்றான். பச்சைக் கதவுக்கு முன்னால் நர்ஸ் கை நீட்டினாள். "பிள்ளையைக் குடுங்க. அம்மா உள்ள வரக்கூடாது." இசக்கியம்மாள் பிள்ளையை நீட்டினாள். நர்ஸ் வாங்கினாள். இவள் கை விடவில்லை. நர்ஸ் இழுத்தாள், இவளும் பிடித்துக்கொண்டு நின்றாள், நடுவில் பிள்ளை கண்ணைத் திறந்து பார்த்தான். "விடும்மா. ஒண்ணும் ஆகாது, நூல்தான் கட்டப் போறாங்க. விடுங்கிறேன்ல?" சங்கரபாண்டி, "ஏட்டி, என்ன செய்யுதே?" என்றான்.

"வசம்பு" என்றாள். காற்றுதான் வந்தது.

"என்னது?"

"வசம்பு! வசம்பு குடுத்தேன்!" வராந்தா முழுக்கக் கேட்டது. பெஞ்சில் இருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கதவு திறந்து டாக்டரம்மா ஒரு கையில் உறை மாட்டியபடியே வந்தார்கள். இசக்கியம்மாள் பக்கத்தில் இருந்தவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுபோகும் என்று அவளுக்குத் தெரியும்.

"வசம்பா? தொப்புள்ல பூசினியா? ஏம்மா, எத்தனை தடவை சொல்றது, தொப்புள்ல கண்டதையும் பூசாதீங்கன்னு..."

"பூசல. நாக்குல வச்சேன்."

"நாக்குல வைக்கறதும் தப்புதான். இனிமே குடுக்காதே. சிஸ்டர், குழந்தையை உள்ள கொண்டு வாங்க."

அவ்வளவுதானா? சொல்லியும் அவ்வளவுதானா? இவள் உயிரைக் கொடுத்துச் சொன்னதை ஒரு அதட்டலில் முடித்துவிட்டு அவர்கள் திரும்பி நடக்கிறார்கள். இசக்கியம்மாள் பிள்ளையை விட்டாள். சங்கரபாண்டி கையிலிருந்த பையைப் பிடுங்கினாள், ஜிப்பை இழுத்தாள், அது பாதியில் மாட்டிக்கொண்டது, கிழித்தாள். துணியை விரித்து டாக்டரம்மா முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"மேடம், நாக்குல வச்சது தொப்புள்ல வந்துச்சு."

டாக்டரம்மா நின்றார்கள். துணியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்கள், மூக்கருகே கொண்டு போனார்கள். "காரம் வச்சாங்கன்னு சொன்னாரே உங்க வீட்டுக்காரர், அது கறுப்பா..."

"அது நின்னு போச்சு. நின்னு மூணு நாள் கழிச்சு வியாழக்கிழமை மூணு மணிக்குக் குடுத்தேன், வெள்ளிக்கிழமை காலைல வந்துச்சு. மறுபடி போன திங்கக்கிழமை பத்து மணிக்குக் குடுத்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு வந்துச்சு. பச்சையா வந்துச்சு மேடம், வெளிக்கி வாடையோட வந்துச்சு."

"ரெண்டாவது தடவையும் குழந்தை அழுதுச்சா?"

"அழல."

"பின்ன ஏன் குடுத்தே?"

"அதேதானான்னு பாக்கதுக்கு."

கண்ணாடி போட்ட பெண் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு இவளையே பார்த்தாள். டாக்டரம்மா துணியை அந்தப் பெண்ணிடம் கொடுத்து, "குடல் திறந்திருக்கு. இதைக் கண்டுபிடிக்கத்தான் நாம மருந்து உள்ள விட்டுப் படம் எடுக்கறது" என்றார்கள். உள்ளே பார்த்து, "நூல் வேண்டாம், எடுத்து உள்ள வச்சிருங்க" என்றார்கள். பிறகு இவளிடம், திட்டுகிற குரலுமில்லை, கொஞ்சுகிற குரலுமில்லை, "ஒரு வாரமாத் தெரிஞ்சிருக்கு. காலையில கேட்டேனே, ஏம்மா சொல்லல?" என்றார்கள். அப்போதுதான் இசக்கியம்மாள் புருஷனைப் பார்த்தாள். டாக்டரம்மாவும் அந்தப் பார்வை போன திசையில் பார்த்தார்கள். அதற்குமேல் கேட்கவில்லை. படம் எடுக்க வேண்டும், நாளைக்கு ஆபரேஷன் என்றார்கள். தொப்புளுக்குக் கீழே திறந்து, அந்தக் குழாயை முழுசாக எடுத்துவிட்டு, குடலில் அது சேர்ந்த இடத்தைத் தைக்க வேண்டும். பெரிய ஆபரேஷன்தான், மயக்கம் கொடுக்க வேண்டும், சின்னக் குழந்தை, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நல்லாகிவிடுகிற பிள்ளைகள்தான் அதிகம். இப்போதிருந்து பால் கொடுக்கக்கூடாது, குளுக்கோஸ் ஏற்றுவார்கள். சங்கரபாண்டி காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான்.

மறுபடியும் அதே பெஞ்ச். பிள்ளை கையில் ஊசி குத்தி அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள், பசியில் முட்டி முட்டி அழுதான், அழுகைக்கு இவள் மார் தன்னால் சுரந்து ஜாக்கெட் நனைந்தது. கொடுக்கக்கூடாது. பெரிய ஆபரேஷன் என்கிற சொல் காதுக்குள் நின்றுகொண்டு போகமாட்டேன் என்றது. காலையில் சொல்லியிருந்தால், பத்து நாளைக்கு முன்னால் சொல்லியிருந்தால், சத்தியமே பண்ணாமல் இருந்திருந்தால், கொடுக்காமலே இருந்திருந்தால். கொடுக்காமலே இருந்திருந்தால் இந்நேரம் நூலைக் கட்டியிருப்பார்கள், அங்கே வந்து நினைப்பு முட்டிக்கொண்டு நின்றது, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. சங்கரபாண்டி எழுந்து போவான் என்று காத்திருந்தாள். போகவில்லை. கிழிந்த ஜிப்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தான். "என்னைத் திட்டுங்க" என்றாள். "பிள்ளை தலையில அடிச்ச சத்தியத்தை நான்..."

"கனகக்கா பிள்ளைக்கும் டாக்டர் கேட்டாரு" என்றான் அவன், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு. "எண்ணெய் கிண்ணெய் விட்டீங்களான்னு. அக்கா வாயத் தொறந்தா. நான்தான் முந்திக்கிட்டு, அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்னு சொன்னேன். நாலு பேரு முன்னால எங்க வீட்டை ஏசுவாங்கன்னு. தெரிஞ்சிருந்தா வேற வைத்தியம் பண்ணியிருப்பேனேன்னு அந்த டாக்டர் பொறவு சொன்னாரு. நான் பொய் சொன்னதை அக்கா இதுவரைக்கும் யார்ட்டயும் சொன்னதில்ல."

இசக்கியம்மாள் அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினாள். வேறொரு நர்ஸ் சீட்டும் பேனாவுமாக வந்து முன்னால் நின்றாள்.

"இசக்கியம்மாள் குழந்தைதானே? கடைசியா எப்ப பால் குடுத்தீங்க? பால் தவிர வேற எதாவது குடுத்திருக்கீங்களா?"

சங்கரபாண்டி வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். அவளைப் பார்த்தான்.

"ஏழரைக்குப் பால் குடுத்தேன்" என்றாள் இசக்கியம்மாள். "மத்ததையும் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க."